சந்தேகக் கூடை

ஜனவரி 19, திங்கள்

கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில் கணக்கு எழுதத் தருகிற நோட்டில் ஒன்று மிஞ்சிக் கிடந்தது. சூப்பர்வைசர் ராஜவேலுவிடம் கேட்டேன்.

"எதுக்குங்க்கா?"

"உங்களப் பத்தி நாலு வார்த்த எழுதி வெக்கலாம்னு தம்பி."

கொடுத்துவிட்டு ஓடியவர் மத்தியானம் வரை என் பக்கம் வரவில்லை.

நிஜக் காரணம் பல்லடத்து டாக்டர். கழுத்தில் கட்டி இருக்கிறது, விழுங்கச் சிரமமா, குரல் மாறுதா, எதுவானாலும் தேதி போட்டு எழுதி வையுங்கள் என்றார். நான் அஞ்சாவதோடு நின்றவள். ஆனால் பதினோரு வருஷமாக முட்டைக் கணக்கு எழுதி எழுதி, கையெழுத்து மட்டும் ராஜவேலுவுடையதைவிட நன்றாக இருக்கும். அதை அவரிடமே சொல்லியும் இருக்கிறேன்.

கட்டியைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, பூங்கொடி. எனக்கு எதிரே நின்று முட்டை பார்க்கிறவள். எங்கள் வேலை இதுதான்: இருட்டறை, கண்ணாடி மேசை, மேசைக்கு அடியில் விளக்கு. அடைக்கு வைத்துப் பதினெட்டு நாள் ஆன முட்டைகளை அதன்மேல் வைத்தால் ஓட்டை உடைக்காமலே உள்ளே இருப்பது தெரியும். கறுப்பாகத் தெரிந்தால் குஞ்சு. பல்பு மாதிரி பளிச்சென்று தெரிந்தால் வெறும் முட்டை, கழிக்க வேண்டியது. இரண்டுமில்லாமல் முழிக்கிற சிலதைச் சந்தேகக் கூடையில் தனியாகப் போடுவோம். மூன்று நாள் போனால் அதுவே பதில் சொல்லிவிடும்.

போன வாரம் அந்த மேசைப் பக்கம் நின்று தண்ணீர் குடித்தேன். கீழிருந்து வெளிச்சம் கழுத்தில் விழுந்திருக்கிறது.

"அக்கா, உங்க கழுத்துல என்னமோ ஏறி எறங்குது."

"நகை கண்ணு. வெளிய போட்டா நீ கேப்பீன்னு உள்ள போட்டிருக்கறேன்."

எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள், இதற்குச் சிரிக்கவில்லை.

இன்றைக்குச் சந்தேகம்: 6. எப்போதும் இருக்கிற அளவுதான்.

ஜனவரி 21, புதன்

திருப்பூரில் ஸ்கேன். எங்கள் வீட்டுக்காரரும் வந்தார். கிட்டுசாமி என்று பெயர். முப்பது வருஷமாக விசைத்தறிக் குடோனில் நிற்கிறவர். தறி அவருக்குக் கூலி கொடுத்தது, காதை எடுத்துக்கொண்டது. ஊரில் யார் பேசினாலும் 'ஆ? ஆ?' என்பார். என் குரல் மட்டும் போய்ச் சேரும். "உன்ற சத்தம் ஒண்ணுதான் மயிலு எனக்குக் கேக்குது" என்று அவரே சொல்லுவார். அதனால் எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பது தெருக்கோடி வரைக்கும் தெரியும். ஒரே ஒரு கோளாறு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினால் கோபம் வந்துவிடும். "மூஞ்சியத் திருப்பிட்டுப் பேசாத" என்பார். தாசில்தார் என்ற நினைப்பு. நானும் சும்மா இருப்பேனா? சத்தம் வராமல் வாய்க்குள்ளேயே 'செவிட்டுக் கடா' என்று சொல்லிக்கொள்வேன். இருபத்தாறு வருஷமாக எனக்கு அதுதான் சினிமா, டிராமா எல்லாம்.

ஸ்கேன் டாக்டர் பெயர் நிலோஃபர். சின்ன வயசு. கழுத்தில் கூழ் மாதிரி எதையோ ஜில்லென்று பூசினார்.

"தோசைக்கு எண்ணெ தடவற மாதிரி இருக்குதுங்க."

"ஆடாதீங்கம்மா. சிரிச்சா படம் கலையும்."

"சரிங்க, அந்தப் படத்த எனக்கும் காட்டுங்க. நானும் உடைக்காம உள்ள பாக்கற வேலதான் செய்யறேன்."

என் வேலையைச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு அது பிடித்துப்போய், திரையை என் பக்கம் திருப்பினார். வலது பக்கத்தில் பெரிய கட்டி, பூங்கொடி பார்த்தது. பாத்திரம் துலக்கும் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. இடது பக்கம் இன்னொன்று, மொச்சைக்கொட்டை அளவு. அது இருப்பது எனக்கே தெரியாது. கன்னங்கரேல் என்று இருந்தது.

"அப்ப இந்தச் சின்னதுதானுங்க நல்லது. நல்லாக் கறுப்பா இருக்குது பாருங்க, உள்ள உசுரு இருக்குது" என்றேன்.

டாக்டர் கை நின்றது.

பிறகு பக்கத்து அறையில் எதிரே உட்கார வைத்து, காகிதத்தில் கோடு போட்டுச் சொன்னார். கட்டிக்கு அஞ்சு கேள்வியாம். உள்ளே தண்ணியா, சதையா? கறுப்பா, வெளுப்பா? படுத்திருக்கா, நின்னுட்டிருக்கா? ஓரம் மழமழன்னு இருக்கா, ஒழுங்கில்லாமலா? உள்ளே வெள்ளைப் புள்ளி உண்டா? ஒவ்வொன்றுக்கும் மார்க்கு, கூடக் கூடக் கெட்டது. பெரிய கட்டி வாங்கியது பூஜ்யம். சின்னது சதைக்கு ரெண்டு, கறுப்புக்கு ரெண்டு, ஓரத்துக்கு ரெண்டு, ஆக ஆறு வாங்கிவிட்டது. அஞ்சு வகையில் அது நாலாம் வகை.

"சந்தேகம்னு எழுதறேம்மா."

"என்ற வீட்டுக்காரரே இத்தன வருசத்துல என்னயச் சந்தேகப்பட்டதில்லீங்க. நீங்க பத்து நிமிசத்துல பட்டுட்டீங்களே!"

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, "சந்தேகம்தாம்மா. இப்படி இருக்கிற பத்துப் பேர்ல ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோதான் கேன்சரா இருக்கும். ஒன்றரை சென்டிமீட்டரத் தாண்டிட்டதால ஊசி வச்சுப் பாத்துடலாம்" என்றார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே எங்கள் வீட்டுக்காரர் முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு, டாக்டர் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து கத்தினேன்:

"அஞ்சுக்கு நாலு மார்க்குங்கோ!"

என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "பாஸா?"

"பாஸு."

பஸ் ஸ்டாண்டில் இறங்கி அரைக் கிலோ மைசூர்பா வாங்கினார். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அஞ்சில் நாலு என்றுதான் காகிதத்திலும் இருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

தெரு முழுக்க மைசூர்பா கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அத்தை, "கழுத்துப் பரிச்சைல பாஸாமே?" என்று கேட்கிறது. முன்னாலேயே தெரிந்திருந்தால் பள்ளிக்கூடத்திலும் கழுத்தை நீட்டியிருப்பேன் என்று சொன்னேன்.

விழுங்கச் சிரமம் இல்லை. குரல் ஜோராக இருக்கிறது.

சந்தேகம்: 11.

ஜனவரி 24, சனி

மேசை விளக்கில் ஒன்று மங்கிவிட்டது, சரியாகத் தெரியவில்லை என்றேன். ராஜவேலு வந்து பார்த்து, நல்லாத்தானே இருக்குது என்று முணுமுணுத்துக்கொண்டே மாற்றிவிட்டுப் போனார். புது விளக்கிலும் அப்படித்தான் இருக்கிறது.

சந்தேகம்: 19.

ஜனவரி 27, செவ்வாய்

ஊசி போட்டார்கள். வீட்டில் சும்மா ரத்தம் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். ஓசூரில் வேலை பார்க்கும் மகனிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கேன் கருவியைக் கழுத்தில் வைத்துக்கொண்டே ஊசியை உள்ளே விடுகிறார்கள். திரையில் ஊசி ஒரு வெள்ளைக் கோடாக ஓடி அந்தக் கறுப்பைத் தொடுகிறது. கோழிக்குஞ்சு உள்ளிருந்து ஓட்டைத் தட்டுவது ஞாபகம் வந்தது. இது வெளியிலிருந்து தட்டுகிறது.

"முழுங்கக் கூடாது, பேசக் கூடாது" என்றார் நிலோஃபர் டாக்டர்.

முடிந்ததும் சொன்னேன்: "ஊசி பரவாயில்லீங்க. பேசாம இருந்தேன் பாருங்க, அதுதான் வலி."

வீட்டுக்கு வந்தால் அதிசயம். நம்ம ஆள் உப்புமா கிண்டி வைத்திருக்கிறார். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றே தெரியாத மனுஷர். எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் வைத்தேன். 'இதுக்கு அந்த ஊசியே தேவல' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். உடனே எழுந்து போய்த் தயிரை எடுத்துவந்து தட்டில் ஊற்றினார். சில சமயம் இந்த மனுஷருக்கு மூளை நன்றாக வேலை செய்கிறது.

ஜனவரி 28, புதன்

சந்தேகம்: 34.

ஜனவரி 31, சனி

ராஜவேலு கையில் கணக்கு நோட்டோடு வந்து நின்றார். எனக்கு முன்னாலேயே தெரியும், இன்றைக்கு வருவார் என்று.

"அக்கா, இருவத்தெட்டாந் தேதி உங்க சந்தேகக் கூடைல முப்பத்துநாலு. அதுல முப்பத்திமூணு பொரிஞ்சு கத்திக்கிட்டு இருக்குது. கண்ணுல எதாச்சும் கோளாறுங்களா?"

"முட்டைங்க என்னயப் பாத்து முழிக்குது தம்பி. உங்களப் பாத்தா அதுங்களுக்குப் பயம், அடக்கமா இருக்குது. நான்னா எளக்காரம்."

அவர் போனதும் பூங்கொடி மேசைக்கு எதிரிலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நீங்க நல்ல முட்டையவே சந்தேகத்துல போடறீங்க. கறுப்பா இருக்கறதயெல்லாம் எடுக்கறீங்க."

கறுப்பைப் பார்த்தாலே கை நின்றுவிடுகிறது, நான் என்ன செய்ய? பதினோரு வருஷமாகக் கறுப்பு என்றால் உயிர். இப்போது ஒரு சின்னப் பெண் வந்து ரெண்டு மார்க்கு போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பூங்கொடியிடம் மட்டும் சொன்னேன். அழுதாள். "அழுவாத, முட்டை அட்டையெல்லாம் நனையுது" என்றேன்.

பயமெல்லாம் இல்லை. எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 2, திங்கள்

முடிவு வந்துவிட்டது. கேன்சர்தான்.

ஆனால் நல்ல ஜாதி என்கிறார்கள். அதிலும் ஜாதி இருக்கிறதாம். ஆமை மாதிரி மெதுவாக ஊர்கிற வகை. தைராய்டு சுரப்பியில் இடது பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும் என்று கோயமுத்தூர் ஆபரேஷன் டாக்டர் சொன்னார். நாற்பது வருஷம் கழித்துப் பேரன் பேத்தியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள் என்றார். அந்தப் பெரிய கட்டி, ஊரே பார்த்துப் பயந்தது, அது ஒன்றுமே இல்லை, கிடந்துவிட்டுப் போகட்டும் என்றார். குலைக்கிற நாய் ஒன்று, கடிக்கிற நாய் ஒன்று.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "கொரலுக்கு எதாச்சும் ஆகுமுங்களா?"

குரல் நரம்பு அந்தச் சின்னக் கட்டிக்குப் பின்னாலேயே போகிறதாம். கொஞ்ச நாள் கம்முவது சகஜம். நூற்றில் ஒருவர், இரண்டு பேருக்கு அப்படியே நின்றுவிடலாம்.

"நீங்க பாட்டு எதும் பாடறவங்களா?"

"இல்லீங்க. என்ற வீட்டுக்காரருக்கு என்ற கொரல் ஒண்ணுதான் கேக்கும்."

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவை மூடினார். "ஜாக்கிரதையாப் பண்றேம்மா" என்றார். நல்ல மனுஷர். மூக்குதான் கொஞ்சம் பெரிசு.

பிப்ரவரி 3, செவ்வாய்

அவரிடம் சொல்லியாக வேண்டும். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர். ஆனால் எப்படிச் சொல்வது? வீட்டில் நின்று 'கேன்சர்' என்று கத்தினால், அவருக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு அத்தை ஒப்பாரியே ஆரம்பித்துவிடும்.

யோசித்தேன். தறிக் குடோனுக்கே போய்விட்டேன். இருபத்துநாலு தறி ஒன்றாக ஓடினால் உள்ளே இடி விழுந்தால்கூடத் தெரியாது. அவர் தறிக்குப் பக்கத்தில் நின்று, முகத்துக்கு நேராகச் சொன்னேன். நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. கேன்சர் என்றேன். பாதியை எடுத்துவிடுவார்கள் என்றேன். அஞ்சுக்கு நாலு என்பது ஃபெயில் மார்க்கு என்றேன். குரல் போனாலும் போகும் என்றேன்.

அறுந்த நூலை எடுத்து, முடிச்சுப் போட்டு, தறியை ஓட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "சரி. என்னைக்கிப் போவோணும்?"

ஒரே தடவைதான் சொன்னேன், அத்தனையும் கேட்டுவிட்டது! என் குரலுக்கு இருபத்துநாலு தறியும் அடங்கித்தான் போகிறது. இப்படிப்பட்ட குரலுக்குத்தான் ஆபத்து வந்திருக்கிறது, என்ன அநியாயம்.

பிப்ரவரி 4, புதன்

சந்தேகம்: 9.

பிப்ரவரி 8, ஞாயிறு

குரல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஏற்பாடு பண்ணிவிட்டேன். தட்டில் கரண்டியால் ஒரு தட்டு தட்டினால் 'வா'. ரெண்டு தட்டினால் 'சாப்பிடு'. மூன்று தட்டினால் 'பேசாமல் போ'. அவரைத் திருப்பி உட்கார வைத்துப் பழக்கினேன். ஒன்று தட்டினேன், அசையவில்லை. மூன்று தட்டினேன், அசையவில்லை. சோற்றுக் குண்டானையே எடுத்துத் தட்டினேன். பக்கத்து வீட்டு நாய்தான் வந்தது.

முன்னால் வந்து நின்று, "என்னங்க, கேக்கவே இல்லியா?" என்றேன்.

"கேட்டுது, கேட்டுது. சாப்புடச் சொன்ன."

மூன்று தட்டினதற்கா! ஆனாலும் முகத்தைப் பார்த்தால் திட்ட மனசு வரவில்லை. பழகிக்கொள்வார்.

பிப்ரவரி 11, புதன்

நாளைக்கு அட்மிஷன், வெள்ளிக்கிழமை ஆபரேஷன். இன்றைக்குக் கடைசி முறை மேசை. கறுப்பு எல்லாம் கறுப்பாகவே தெரிந்தது, எடுத்துப் பொரிக்கிற கூடையில் அடுக்கினேன். பூங்கொடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு?"

"கை நிக்கலீங்க்கா."

"அவருகிட்டச் சொல்லியாச்சில்ல. மனசுல ஒண்ண அடை வெச்சுட்டு ஊர் முட்டையப் பாக்க முடியுமா?"

எனக்கே இப்போதுதான் தெரிந்தது, இதைச் சொல்லும்போது.

சந்தேகம்: 5.

பிப்ரவரி 15, ஞாயிறு

நோட்டைப் பூங்கொடி கொண்டுவந்து கொடுத்தாள். கை நன்றாக இருக்கிறது, எழுதலாம்.

ஆபரேஷன் வெள்ளிக்கிழமை முடிந்தது. கழுத்தில் கட்டு. குரல் இல்லை. காற்றுதான் வருகிறது, பஞ்சரான சைக்கிள் டியூப் மாதிரி. நரம்பு பத்திரமாக இருக்கிறது, வீக்கம் வடிந்தால் வந்துவிடும், ரெண்டு வாரம் பொறுங்கள் என்று பெரிய மூக்கு டாக்டர் சொன்னார்.

நேற்றுக் காலையில் நடந்ததை எழுதத்தான் நோட்டே கேட்டேன்.

கண் விழித்தேன். எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தொண்டை காய்ந்திருந்தது. தட்டும் இல்லை, கரண்டியும் இல்லை. 'தண்ணி' என்று வாயை மட்டும் அசைத்தேன். தானாக வந்த பழக்கம். எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

ஏதோ குருட்டாம்போக்கில் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். 'செவிட்டுக் கடாவுக்கு இது எப்படிக் கேட்டுது' என்று வழக்கம்போல வாய்க்குள் சொன்னேன்.

"கடா இல்ல. மனுசன்" என்றார்.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் நான் வாயை அசைக்க அசைக்க, அவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

'எப்ப இருந்து?'

"தறி ஓட்ட வந்த நாள்ல இருந்துதான். குடோன்ல எவன் காதுல கேக்கறான்? அல்லாரும் வாயப் பாத்துத்தான் பேசறது."

'அப்ப நான் திட்டுனது?'

"தெரியும்."

'அல்லாமா?'

"அல்லாம். எங்கம்மாளச் சொன்னது சேத்தி."

இருபத்தாறு வருஷம்! நான் என்னென்ன சொல்லியிருக்கிறேன் என்று கடவுளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

'அந்த நாலு மார்க்கு?'

"டாக்டரம்மா கண்ணாடிக்கு நேரா உக்காந்து 'சந்தேகம்'னு ரெண்டு தரம் சொன்னாங்க. நல்லாத் தெரிஞ்சுது."

'அப்பறம் எதுக்கு மைசூர்பா வாங்குனீங்க?'

"நீ பாஸுன்ன. பாஸுன்னா மிட்டாய் வாங்கோணும்ல?"

அந்தச் சமயம் சிரிப்பு வந்து, தையல் இழுத்து, வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியில்தான். பிறகு கேட்டேன், முக்கியமானதை. 'அப்ப, என்ற சத்தம் ஒண்ணுதான் கேக்குதுன்னு சொன்னீங்களே?'

போர்வையைச் சரி பண்ணினார்.

"ஏழெட்டு வருசமாச்சு மயிலு, அதும் நின்னு போயி. சொன்னா நீ கத்தறத நிறுத்திருவ. நீ கத்தறப்ப மூஞ்சி நெம்ப நல்லா இருக்கும்."

நான் பத்துப் பன்னிரண்டு நாளாக எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தவித்தேனோ, அது அவர் காதில் இல்லவே இல்லை. எட்டு வருஷமாக இல்லை.

'என்ற கொரல் மறந்தே போயிருக்குமே உங்களுக்கு.'

"மறக்குமா?" என்றார். "மைக்செட்டு மாதிரி."

மார்ச் 9, திங்கள்

இன்றைக்கு வேலைக்குப் போனேன். எடுத்த கட்டியைச் சோதித்ததில், கேன்சர் அந்த மொச்சைக்கொட்டைக்குள்ளேயே அடங்கி இருந்தது, வெளியே எங்கும் போகவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆறு மாசத்துக்கு ஒருமுறை நிலோஃபர் டாக்டர் கழுத்தில் தோசைக்கு எண்ணெய் தடவுவார். குரல் திரும்பிவிட்டது, கொஞ்சம் கட்டையாக. ராஜவேலு, "அக்கா, போன்ல ஆம்பள கொரல் மாதிரியே இருக்குதுங்க" என்றார். "அப்ப இனி என்னய சார்னு கூப்புடுங்க" என்றேன். மத்தியானம் வரை அந்தப் பக்கம் வரவில்லை.

கழுத்தில் இருந்த தையல் தழும்பைப் பார்த்துப் பூங்கொடி கேட்டாள், "அக்கா, இது மறையுமுங்களா?" நகை என்று சொன்னேன். இந்தத் தடவை சிரித்தாள்.

சாயங்காலம் வீட்டில் அடுப்பு வேலை. அவர் பின்னால் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டு, தோலையெல்லாம் நான் கூட்டின தரையில் போட்டுக்கொண்டிருந்தார். இனி இவரைத் திட்ட எனக்கு இருக்கிற ஒரே இடம் அடுப்புப் பக்கம்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல், நிதானமாக ஒரு வார்த்தை சொன்னேன்.

"தாடை ஆடுது" என்றார் பின்னாலிருந்து. "மூஞ்சியத் திருப்பிட்டுப் பேசாத மயிலு."

அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் முகத்துக்கு நேராக நின்று, அதே வார்த்தையை மறுபடி சொன்னேன். சத்தம் வந்துவிட்ட பிறகும், சத்தமில்லாமல்.

சந்தேகம்: 4.